குடைக்கு மூன்று மார்க்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கவேண்டும். இந்தத் தடவை நலம் என்று வாய்வார்த்தைக்கு எழுதவில்லையடி, மார்க் போட்டுச் சொன்ன நலம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன் அல்லவா, அங்கே மாதம் ஒருமுறை பரீட்சை. பயிற்சி தருகிற பெண் படம் படமாகக் காட்டுவாள், தானாகப் பெயர் சொன்னால் மூன்று மார்க், எதற்குப் பயன்படும் என்று அவள் சொன்னபிறகு வந்தால் இரண்டு, முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால் ஒன்று, அப்புறமும் வராவிட்டால் முட்டை. இந்த மாதமும் ஏறாவிட்டால் பேச்சை விட்டுவிட்டுப் பட அட்டையைத் தொட்டுக் காட்டப் பழக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஓட்டின காலமெல்லாம் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் வாயடித்த மனுஷன், இனி தண்ணீர் வேண்டுமென்றால் அட்டையைத் தொடுவதா? அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் திணறும்போதெல்லாம் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினேன். அந்தப் பெண் லேசுப்பட்டவளா, இவர் படத்தை விட்டு என் வாயையே பார்ப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, நீங்க வாங்கித் தர்ற மார்க்க வெச்சு நான் அவருக்கு என்ன பயிற்சி குடுக்குறது? அவருக்கு எது வரலைன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். எல்லா நோயாளிக்கும் ஒரே அளவுகோலில் போட்டால்தான் எந்தப் பயிற்சி பலிக்கிறது என்று ஒப்பிட முடியுமாம். அன்றைய மார்க்கை அடித்துவிட்டு மறுநாள் வரச்சொன்னாள், புதுப் படங்கள், நான் கதவுக்கு வெளியே.

பெஞ்சில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே சத்தமே இல்லை, போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம் கேட்டதடி, "குடை" என்று, கரகரத்த குரலில், ஆனால் முழுசாக! நான் துள்ளி எழுந்ததில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். போன மாதத்தைவிடப் பதினொரு மார்க் கூட. நான் பக்கத்தில் இருந்தால் நான் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாராம், இல்லாவிட்டால் தானே தேடுகிறாராம். ஏணிப் படத்துக்கு இரண்டுதான் போட்டாள் என்று அப்பா மூன்று விரலைக் காட்டிச் சண்டைக்கு வேறு போனார். அட்டைப் பேச்சே இல்லை, பயிற்சி தொடரட்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, ஈரத்தலையோடு வெளியே கிளம்பாதே. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அப்பாதான் போனை எடுப்பார், நான் மாடிக்குப் போய்விடுவேன். நடுவில் பேச்சு நிற்கும், லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அழுகை வந்தாலும் வாயைத் திறக்காதே, ஒரு எழுத்தைக்கூட எடுத்துக்கொடுக்காதே. உன்னைக் கூப்பிடுகிற வார்த்தையை அவரே தேடி எடுக்கட்டும், அதற்கு முழு மார்க்கும் அவருக்கு வேண்டும்.

உன் அம்மா