நீ பாதியில் நிறுத்திய பாட்டு

இன்று மத்தியானம் அடுத்த வீட்டில் புளியங்கட்டை பிளந்தார்கள். பச்சைக் கட்டையின் வாசனை தையல்கடைக்குள் வந்ததுமே என் இடது கை தானாக மடியில் ஒளிந்துகொண்டது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் உன் தங்கச்சி கல்யாணம். விறகுக்கடையில் விறகில்லை என்று, காற்றில் விழுந்த புளியமரம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாய். பிளக்க வந்தவர்கள் எல்லாரும் உன்னோடு தோணியில் வேலை பார்க்கிறவர்கள். நான் ஒருவன்தான் ஊசி பிடிக்கிறவன். "தையக்காரனுக்கு இங்கன என்னலே சோலி?" என்றார் சம்மட்டியோடு நின்ற உன் மச்சான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஆப்பை நான் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கை நோகுமே என்று இடது கையில் துண்டை வேறு சுற்றிக்கொண்டேன்.

தோணிக்காரர்களுக்குப் பாட்டில்லாமல் வேலை ஓடாது. நீ 'ஏலேலோ' என்று இழுக்கும்போது நான் ஆப்பை வெடிப்பில் நிறுத்திக் கையை எடுக்க வேண்டும். எல்லாரும் 'ஐலசா' என்றால் சம்மட்டி விழும். கயிறு இழுக்க அது நல்ல ஏற்பாடு. பாட்டு சூடேறிய பிறகு, யார் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆளில்லை.

முதல் ஆப்பு தெறித்து விழுந்தது. வெடிப்பு மூடி, என் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டது. இழுத்தேன், கை வரவில்லை. மேலே சம்மட்டி ஏறிவிட்டது. கத்தவும் வாய் எழவில்லை.

திருவிழாவில் போலீஸ்காரர் சொல்லியும் பாட்டைப் பாதியில் விடாதவன் நீ. அன்று என் கையைக் கண்டதும் சட்டென்று வாயை மூடினாய். கூச்சல் போட்டிருந்தால் அந்த இரைச்சலில் எவர் காதிலும் விழுந்திருக்காது. பாட்டு நின்றதும் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. தாளமில்லாமல் அதை இறக்க உன் மச்சானுக்குக் கை வரவில்லை.

துண்டை அறுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். "பாட்டைக் கெடுத்துட்டியேலே" என்றாய். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அதன்பிறகு பாட்டே இல்லை. ஆப்பு வைத்தவன் தள்ளி நின்று "கை எடுத்தாச்சு" என்று சொன்னால்தான் அடி. விறகு தாமதமாகி, மறுநாள் பந்தியும் தாமதமானது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். நான் இரண்டு கையாலும் பரிமாறினேன்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனாலும் அதன் மிச்சத்தை நீ கடைசிவரை பாடவில்லை. கேட்டால், "அது அன்னைக்கே முடிஞ்சு போச்சுலே" என்பாய். நீ போன பிறகு, மிஷினை மிதிக்கும்போது நான்தான் அதைப் பாடுகிறேன். ராகம் தப்புத்தான். துணியை நகர்த்துகிற இந்த இடது கை மட்டும் தாளம் தப்புவதில்லை.