வெளியே வரும் கதவு வழியாக உள்ளே போனது நான்தான்

காஸ்ட்ரீஸ்
மே 12, 1998, செவ்வாய்

அண்ணா, இது இக்னேஷியா. நூலக வாசிப்பு அறையில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் சொல்வதையும், அவள் விட்டுவிடுவதில் எனக்குத் தெரிந்ததையும் உள்ளது உள்ளபடி எழுதுவேன், எதையும் மாற்ற மாட்டேன் என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சம்மதித்தாள். நான் பேசும் இடங்களில் என் பெயரைப் போடுகிறேன், மற்றதெல்லாம் அம்மா.

என் அன்பு மகன் லாம்பர்ட்டுக்கு அம்மா எழுதுவது. கடவுள் தயவில் இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிர்க்கடலில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். மழை இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது, சமையலறைக் கூரையில் ஒரு தகரம் பெயர்ந்து அப்பா ஆணி அடித்திருக்கிறார், ஆனாலும் ஒரு மூலை சொட்டுகிறது. அவர் தோட்டத்தில் வாழைத்தாருக்கெல்லாம் நீலப் பை மாட்டி முடித்துவிட்டார், முழங்கால் வலிக்கு ஜாதிக்காய்த் தைலம் தேய்க்கிறார், தேய்த்துவிட்டு உடனே வெற்றுக்காலோடு சேற்றில் இறங்குகிறார், யார் சொன்னாலும் கேட்பதில்லை. நானும் இக்னேஷியாவும் நீ பரிமாறுகிற கப்பலில் ஏழு நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து சந்தையில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. மரவள்ளி விற்கிற யூஃபீமி நேற்றுகூட, "வாங்க கப்பல் மகாராணி, முள்கரண்டியால சாப்பிட்ட வாய்க்கு எங்க வாழைக்காயும் கருவாடும் இறங்குமா?" என்று கேட்டாள், சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எதை வாங்க வந்தேன் என்பதே மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இக்னேஷியா வாசித்தாள். உன்னோடு பரிமாறுகிற மாரிவிக்கை இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி பார்சிலோனாவில் இறக்கி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற வரியை அவள் வாசித்ததும், இன்னொரு தரம் வாசி என்றேன். அடுத்த வரியில் நீ, "அம்மா, நீ இதுல எதுவும் செய்யாதே, யார்கிட்டயும் வாயத் திறக்காதே" என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு உள்ளே போகவில்லை மகனே. ஓட்டலில் வேலையும் தப்பித் தப்பிப் போகிறது. இருபத்திரண்டு வருஷம் பன்னிரண்டு மேசைக்காரர் கேட்டதை எழுதாமல் தலையிலேயே சுமந்தவள் நான், எழுத்து எனக்குக் கூடிவராததால் அப்படிப் பழகியவள், இப்போது ஒரு மேசைக்கு மீன் என்றால் இன்னொரு மேசையில் கொண்டுபோய் வைக்கிறேன். சமையல்கட்டுக் கதவுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிடுகிறது. போன சனிக்கிழமை நான் தட்டோடு அப்படி நிற்பதைப் பார்த்து பட்லர் ஃபீலிக்ஸ், "என்ன தியோடோரா, அது கதவுதான், கல்லறை இல்ல, தள்ளிட்டுப் போ" என்றான்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். நீ அன்று மண்டபத்தின் மறுகோடியில் உன் மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

எல்லோரும் விருந்து உடுப்பில்தான் வர வேண்டும் என்கிற அந்த முதல் உடுப்பு இரவிலேயே எனக்குச் சரியாக இல்லை. நீ ஆசையோடுதான் அந்தத் தனி உணவகத்தில் இடம் வாங்கித் தந்தாய், எல்லோருக்கும் கிடைக்காத மேசை என்று எனக்குத் தெரியும். சொந்தக்காரருக்கு நீ பரிமாறக் கூடாது என்பது கப்பல் சட்டம், அதனால் மாரிவிக்கின் மேசையில் உட்காரவைத்தாய். ஆண்கள் எல்லாம் கறுப்புக் கோட்டு, பெண்கள் தரையைக் கூட்டும் கவுன், நான் திருமுழுக்குக்குத் தைத்த அந்த நீல உடுப்பு. யாராவது என் பின்னால் வந்து நின்று நாற்காலியை உள்ளே தள்ளினால் எனக்கு முதுகு கூசியது. நாற்காலி தள்ளுகிறவள் நான் அல்லவா. மீன் கத்தியை இடம் மாற்றி வைத்திருந்தார்கள், கை சும்மா இருக்காமல் சரிசெய்தேன், அடுத்த மேசையிலும் எட்டிச் சரிசெய்தேன். மாரிவிக் பார்த்துவிட்டாள். "அம்மா, என் வேலைய நீங்க பார்த்துட்டா நான் எங்க போறது?" என்று சிரித்தாள். எவ்வளவு நல்ல சிரிப்பு. தன் ஊரான இலோய்லோவில் அம்மாவிடம் விட்டிருக்கிற நாலு வயசு மகனின் படத்தை, ஆர்டர் எழுதும் நோட்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததை எனக்குக் காட்டினாள்.

இரண்டாவது உடுப்பு இரவு, அதுதான் கடைசிக்கு முந்தின நாள். மண்டபம் நிறைந்திருந்தது. மாரிவிக்குக்கு ஒரே நேரத்தில் மூன்று மேசை. எங்கள் பக்கத்து மேசையில் சிங்கி இறால் சாப்பிட்டு முடித்து ஓடுகள் குவிந்து கிடந்தன, ஒரு கிழவர் எரிச்சலாக விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு என்ன செய்யும் என்று இன்னொரு பரிமாறுகிறவளுக்குத்தான் தெரியும். நான் எழுந்தேன். யோசித்து எழவில்லை. நாலு தட்டையும் இடது கையில் அடுக்கினேன், அந்தக் கிழவர் என்னை வேலைக்காரி என்றே நினைத்து, நன்றிகூடச் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார்.

இக்னேஷியா: அம்மா தட்டுகளை எடுத்தபோது அவள் முகம் அந்த வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாக இருந்தது. நான் "அம்மா, உட்காருங்க" என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பெருமையாக இருந்ததால் சொல்லவில்லை.

அங்கே சமையல்கட்டுக்கு இரண்டு ஆடும் கதவுகள், ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர. எங்கள் ஓட்டலில் உள்ளே போகிற கதவு வலது கைப்பக்கம். இருபத்திரண்டு வருஷமாக வலது தோளால் தள்ளிய உடம்பு, அங்கேயும் வலது கதவைத் தள்ளியது. கப்பலில் அது வெளியே வருகிற கதவு. மறுபக்கத்திலிருந்து ஒருவன் கொதிக்கிற சூப்புக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். மோதிய சத்தத்தை நீயும் கேட்டிருப்பாய். சூப்பு கதவைத் தாண்டி, வெள்ளைப் பட்டுக் கவுன் போட்ட அந்த அமெரிக்க அம்மாள் மடியில் தெறித்தது. அவள் கத்திய கத்தலில் பியானோக்காரன் நிறுத்திவிட்டான்.

மாரிவிக் எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. என் கையில் மிச்சம் இருந்த தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு, "போங்க அம்மா, போய் உட்காருங்க, சீக்கிரம்" என்று இடுப்பால் என்னை மண்டபத்துக்குள் தள்ளினாள். மேலாளர் வரும்போது உடைந்த பீங்கானுக்கு நடுவில் அவள்தான் நின்றாள். தானே கதவு மாறி வந்துவிட்டதாக அவரிடம் சொன்னாள். சூப்போடு வந்தவனும் மறுக்காமல் குனிந்து பீங்கான் துண்டுகளைப் பொறுக்கினான். நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். சொல்லவில்லை.

இக்னேஷியா: அதற்குப் பிறகு சாக்லேட் கேக் வந்தது. அம்மா அதை முழுவதும் சாப்பிட்டாள். அதை எழுதாதே என்கிறாள். நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன், எதையும் விட மாட்டேன் என்று. நானும் சாப்பிட்டேன்.

சரி, எழுதட்டும். சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் யாராவது பார்ப்பார்களோ என்ற பயம். மறுநாள் காலை மேல்தளத்தில் நான் உன்னிடம் மேலாளரைப் பார்க்கப் போகிறேன் என்றபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "கூட்டிவந்த சொந்தக்காரங்க செய்யுற தப்பு கூட்டிவந்தவன் கணக்குலதான் சேரும், தலைமை சர்வர் வேலைக்கு என் பேர் அவர் மேசையில இருக்கு, இப்போ போய்க் கெடுக்காதே அம்மா" என்றாய். மாரிவிக்கும் பக்கத்தில் நின்று, "விடுங்கம்மா, ரெண்டு வார்த்தை திட்டுவாங்க, அவ்வளவுதான், எனக்குப் பழக்கம்" என்றாள். அவள் பேரில் ஏற்கெனவே ஒரு தப்பு எழுதி வைத்திருந்தது அவளுக்கும் நினைவில்லையோ, நினைவிருந்தும் சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது. இரண்டாவது தப்பு, அதுவும் உடுப்பு இரவில் ஒரு விருந்தினர் எழுத்தில் புகார் கொடுத்தது என்றால் வீடுதான் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மேலாளருக்கு உண்மையை எழுதப்போவதை அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். கோபப்பட்டார். "மூணு வருஷமா அவன் தட்டு சுமந்தது உன் ஒரு காகிதத்துல போகணுமா? அந்தப் பொண்ணே சும்மா இருக்கும்போது உனக்கு என்னடி?" என்றார். பிறகு தோட்டத்துக்குப் போனவர் மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை இருக்குன்னா சொன்னே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். இதை எழுதினால் உன் வேலை போகும், இக்னேஷியாவின் கான்வென்ட் படிப்பு உன் கையில் இருக்கிறது, அது என்ன ஆகும் என்று தெரியாது. எழுதாவிட்டால், இலோய்லோவில் என்னைப் போல ஒரு தாய், தன் பெண் ஏன் பெட்டியோடு திரும்பி வந்தாள் என்று அக்கம்பக்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். நீயே அவள் இடத்தில் பார்சிலோனாவில் இறங்குவது மாதிரி ஐந்து நாளாக என் கண் முன்னால் வருகிறது. நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, என்னிடம் பேசாமல் இருந்துவிடுவாயோ என்பதுதான் பெரிய பயம்.

இக்னேஷியா: அண்ணா, என் பள்ளியை நினைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அரசுப் பள்ளியிலும் அதே புத்தகங்கள்தான் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும்.

இப்போது நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேள். உன் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டோம். நான்கே வரிதான். அந்த இரவு கதவு மாறிப் போனவள் உங்கள் சர்வர் மாரிவிக் அல்ல, லாம்பர்ட் இப்போலீட்டின் தாய் தியோடோரா, ஓட்டலில் பரிமாறும் பழக்கத்தில் என் கை தட்டை எடுத்தது, என் மகன் அங்கே இல்லை, தண்டனை ஏதாவது இருந்தால் எனக்குக் கொடுங்கள், இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மோசமாக எழுதவில்லை, இக்னேஷியா மூன்று முறை திருத்தினாள்.

கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து கப்பலுக்குப் போகும் விமானத் தபால் பை புதனும் வெள்ளியும் போகிறது. உனக்கு எழுதும் இந்தக் கடிதம் நாளைப் புதன் பையில் போகும். மேலாளருக்கு உள்ளதை வெள்ளிக்கிழமைதான் கொடுப்பேன். அதாவது அவர் கைக்கு என் காகிதம் வருவதற்கு முன் உனக்கு இரண்டு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் நீயே அவர் முன்னால் போய் நின்று, என் அம்மாதான் என்று சொல். என் எழுத்து வந்து உன்னைக் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆக வேண்டாம், நீ முந்திக்கொண்டாய் என்று இருக்கட்டும். நீ சொல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை அது போகும் மகனே. அதை மட்டும் நிறுத்தச் சொல்லி எனக்கு எழுதாதே, அதற்குள் அந்தப் பதில் வந்தும் சேராது.

மேலாளரிடம் போவதற்கு முன் மாரிவிக்கிடம் பேசு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்காதே, அதை நான் நேரில்தான் கேட்க வேண்டும். அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு மேல்தளத்தில் நிற்காதே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள். வேலை போனால் நேரே வீட்டுக்கு வா, வேறு துறைமுகத்தில் இறங்கி வெட்கத்தில் சுற்றாதே. நீ வருகிற பாதையில் தேவமாதா உன் வலது பக்கமும் இடது பக்கமும் நிற்கட்டும், உன் கையில் எடுப்பது எதுவும் உடையாமல் இருக்கட்டும்.

உன்னை ஒரு நாளும் கைவிடாத
அம்மா
தியோடோரா இப்போலீட்

இக்னேஷியா: பெயரை அம்மா தானே எழுதினாள். வேலை உடுப்போடு நேரே நூலகத்துக்கு வந்தவள் இன்னும் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மேலாளருக்கான உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் இத உன்கிட்ட வச்சிரு, என்கிட்ட இருந்தா கிழிச்சிடுவேன்" என்று என்னிடம் கொடுத்தாள். வாங்கி என் பைக்குள் வைத்துவிட்டேன். ஐந்து மணி ஆகிவிட்டது, வாசிப்பு அறையில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.