டார்ச்சை யார் பிடிப்பது?

நான்காவது மாடி,
லிஃப்ட் இல்லாத கட்டடம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதிக்கொள்வது. தலை வெளியூருக்குப் போய்விட்டதால் வீட்டில் வால்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் நலம். நான் நலமாக இருந்தால் சுற்றியிருப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அம்மா நலம், அம்மாவின் தையல் மெஷின் நலம், மெஷின் போடும் சத்தம் அதைவிட நலம்.

போனில் பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததுமே "பார்க்கலாம்மா" என்று சொல்லி, அம்மாவிடம் கொடு என்றுவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே உட்கார்ந்து உங்களை முறைத்துக்கொண்டிருக்கும். தவிர, இதோடு ஒரு பொட்டலமும் வருகிறது. படித்து முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஏற்கெனவே பிரித்துவிட்டீர்கள் என்றால் ஒட்டி வைத்துவிட்டு மறுபடி இந்த வரிக்கு வாருங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. போன வாரம் நம் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. "லிஃப்ட் பழுதடைந்துள்ளது. படிகளைப் பயன்படுத்தவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒட்டியது யார் என்று கேட்காதீர்கள். மூன்றாவது மாடி வக்கீல் நின்று நிதானமாகப் படித்து, பெருமூச்சு விட்டு, மேலே வந்து, எப்போது சரியாகுமாம், உங்கள் வீட்டுக்காரர் இந்தத் துறைதானே என்று அம்மாவிடமே விசாரித்தார். அம்மா விழித்த விழியைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இதற்குள் யாரோ வீட்டு ஓனரம்மாவுக்குப் போன் போட்டுப் புகாரும் கொடுத்துவிட்டார்கள். என் காது திருகப்பட்டது. எல்லாம் நினைத்தபடியே நடந்தது, அப்பா. ஒன்றே ஒன்றுதான் குறை. வேலை முடிந்து ஏறி வந்து, அதைப் படித்து, பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் வரவில்லை. மறுநாள் நானே கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் ஏறி வரும் சத்தம் எனக்கு மனப்பாடம். முதலில் பைக்குள் ஸ்பேனர்கள் உரசும் சத்தம், அப்புறம் செருப்பு, அப்புறம் அந்தத் திருப்பத்தில் ஒரு நிறுத்தம். மூச்சு வாங்குவதை மறைக்க, தினமும் அங்கே நின்று அதே வசனத்தைப் பேசுவீர்கள். "ஊரையே மேல ஏத்திவிடறேன். என் வீட்டுக்கு நான் நடந்துதான் ஏறணும்." இப்போது சாயங்காலத்தில் யார் அந்தத் திருப்பத்தில் நின்றாலும் எனக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. பெரும்பாலும் வக்கீல்தான். அவருக்கு வசனம் எதுவும் கிடையாது.

சின்ன வகுப்பில் ஒருநாள் டீச்சர் எல்லோரிடமும் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். நான் எழுந்து "டார்ச்" என்றேன். டார்ச்சா, அப்படி ஒரு வேலையா என்றார். "மெக்கானிக் மாமா லிஃப்டை ரிப்பேர் பண்ணுவார், எங்கப்பா டார்ச் பிடிப்பார். வீட்டுல நான் டார்ச்சர் பண்ணுவேன்" என்று விளக்கினேன். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் ஏன் என்று அப்போது புரியவில்லை.

கரண்ட் போன பொழுதெல்லாம் அந்த டார்ச்தான் நமக்கு சினிமா. சுவரில் விரலால் யானை காட்டுவீர்கள், அது கோழி மாதிரி இருக்கும். மான் காட்டுவீர்கள், அதுவும் கோழி. கடைசியில் கோழியே காட்டுங்கள் என்று அம்மா சொல்ல, அது மட்டும் என்ன காரணமோ யானை மாதிரி வந்தது. நான் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டி அனுப்பிய நாள் ஞாபகம் இருக்கிறதா? லிஃப்டுக்கு மேலே இருக்கும் மெஷின் அறையில் போய் நீங்கள் வெளிச்சம் அடிக்க, சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் ஒரே நிறமாகத் தெரிய, மெக்கானிக் மாமா தன் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைதுடை என்று துடைத்தாராம். நான் அடி வாங்கத் தயாராக நின்றேன். நீங்களோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்குப் படம் கலர்ல ஓடுச்சு" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்களுக்குப் "பார்க்கலாம் அப்பா" என்று பெயர் வைத்ததும் நான்தான். நாய்க்குட்டி வேண்டும் என்றால் பார்க்கலாம். கடலுக்குப் போவோமா என்றால் பார்க்கலாம். மெக்கானிக் ஆவதற்கு ஒரு பயிற்சியும் தேர்வும் இருக்கின்றன, பெயர் கொடு என்று மாமா வருடா வருடம் கேட்பார், வருடா வருடம் பார்க்கலாம். வெளிச்சம் காட்டுகிறவர் வேறென்ன சொல்வார், பார்க்கலாம் என்றுதானே சொல்வார் என்று நான் கிண்டல் செய்வேன். அதனால்தான் இந்த வருடம் பெயர் கொடுத்து, பயிற்சிக்கு நீங்கள் கிளம்பிய காலையை என்னால் மறக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். நான் கீழே நின்று, பாஸ் பண்ணிடுவீங்களா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும் என்பதால் உங்களோடு சேர்ந்து சொல்ல வாயைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். நீங்கள் "பண்ணிடறேன்மா" என்றீர்கள். பஸ் போன பிறகும் என் வாய் திறந்தபடியே இருந்தது. அம்மாதான் மூடச் சொன்னாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்வில் நடந்ததை அம்மா சாப்பிடும்போது சொன்னாள். நின்றுபோன லிஃப்ட் ஒன்றைக் காட்டி, இரண்டிரண்டு பேராகப் பழுதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். உங்களுக்கு ஜோடியாக வந்தவன் சின்ன வயசுக்காரன். மேஜை மேல் கருவிகளும் ஒரு டார்ச்சும் இருந்தன. உங்கள் கை நேராக டார்ச்சுக்குப் போனது. நீங்கள் பிடித்தீர்கள், அவன் வேலை செய்தான். அவன் பாஸ். உங்கள் பெயருக்கு எதிரே, எதுவும் செய்யவில்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது இருவருமே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதில் தனியாகச் செய்ய வேண்டும் என்பதும் தெரியும். "தனியாளா நின்னா டார்ச்சை யார் பிடிக்கறது?" என்று அம்மாவிடம் கேட்டீர்களாமே. விளையாட்டாகக் கேட்டதாக அம்மா சொன்னாள். விளையாட்டு என் துறை, அப்பா. அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்றீர்களாம். சின்னப் பசங்களுக்கு நடுவில் கூச்சமாக இருக்கிறது, வரைபடம் மண்டையில் ஏறவில்லை என்றீர்களாம். அம்மாவும், வந்துருங்க, இருக்கிறதை வச்சுப் பார்த்துக்கலாம் என்றுவிட்டாள். வீட்டில் ஒரு பார்க்கலாம் போதாதென்று இப்போது பார்த்துக்கலாம் வேறு.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் மெக்கானிக் மாமா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் முதல் காரியமாகத் தன் மூக்குக்கண்ணாடியைப் பத்திரப்படுத்தினார். நடந்ததைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார். "நான் எங்கேம்மா பழுது தேடினேன்? உங்கப்பன் வெளிச்சம் சுத்திச் சுத்தி வந்து ஒரு இடத்துல நிக்கும். அங்க கைய வைப்பேன். அங்கதான் இருக்கும்." இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். சொன்னால் நீங்கள் தேர்வு எழுதப் போய்விடுவீர்கள், அப்புறம் தனக்கு யார் வெளிச்சம் பிடிப்பது என்று தோன்றியதாம். அதே வாயால்தான் வருடா வருடம் பெயர் கொடு என்றும் கேட்டிருக்கிறார். பெரியவர்களுக்குத்தான் எத்தனை ஒயர்.

ஆகவே அந்தப் பையன் பாஸானது யாருடைய வெளிச்சத்தில் என்று கொஞ்சம் யோசியுங்கள். வரைபடம் உங்களுக்கு வராதுதான், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். யானையே கோழியாக வரும் கை. ஆனால் வரைவதற்கா கூப்பிடுகிறார்கள், படிப்பதற்குத்தானே? இன்னும் நாள் இருக்கிறது. கூச்சத்தை விட்டு அந்தச் சின்னப் பையனிடமே கேளுங்கள். உங்களுக்கு அவன் ஒரு பாஸ் பாக்கி.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

அது தலையில் கட்டிக்கொள்கிற டார்ச். விளக்கு என்னுடையது, சைக்கிளில் இருந்தது. பட்டை, உங்கள் பழைய பெல்ட்டும் என் பாவாடை எலாஸ்டிக்கும் சேர்ந்தது. நான் கையால் தைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். எதற்கு என்று சொன்னேன். என் கையிலிருந்து பிடுங்கி, நான் போட்ட தையல் முழுவதையும் பிரித்தாள். போச்சு என்று நினைத்தேன். மெஷினில் வைத்து மறுபடி தைக்க ஆரம்பித்தாள். "அவருக்குத் தலை பெருசு. இந்த அளவு பத்தாது" என்று மட்டும் சொன்னாள். வந்துருங்க என்று போனில் சொன்ன அம்மா கெட்டியாக அடித்த தையல் அது, இழுத்துப் பாருங்கள், பிரியாது.

நெற்றிக்கண் தயார். திறந்தால் எதிரில் இருப்பவர் எரிய மாட்டார், பல்புதான் எரியும். திங்கட்கிழமை இதைக் கட்டிக்கொண்டு போங்கள். வெளிச்சம் வழக்கம்போலச் சுற்றிச் சுற்றி வரட்டும். அது நிற்கிற இடத்தில், இந்த முறை உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும். வையுங்கள்.

சாயங்காலமானால் படிக்கட்டில் சத்தம் கேட்கிறதா என்று காது வைத்துக்கொண்டு இருக்கிற பெண்தான் இதை எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் கதவைத் திறக்க முதலில் ஓடுவதும் நான்தான். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். பயப்படாமல் போய்ச் செய்யுங்கள். பாஸோ ஃபெயிலோ, கையில் கிரீஸ் ஒட்டியிருந்தால் எனக்குப் போதும்.

திங்கட்கிழமை முடியட்டும், அப்பா.

அப்புறம் பார்க்கலாம்.

என்றும் உங்கள் பின்னாலேயே வரும்,
வாலு