இரண்டாவது படம் கறுக்கவில்லை

எம்ஆர்ஐ அறைக் கதவுக்குப் பின்னால் உன் மெரூன் ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. வேலைக்குப் புதிதாய் வந்த பெண் ஏசிக் குளிர் தாங்காமல் இன்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கழற்று என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அப்புறம் அதை நானே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கைக்குத் தேய்க்கும் கிரீம் வாசம் இன்னும் போகவில்லை.

உன் முகம் உப்ப ஆரம்பித்தபோது முதலில் கிண்டல் செய்தவள் நான்தான். வீட்டுக்காரர் நல்ல கவனிப்பு போல என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு பிரஷர் ஏறியது, மாத்திரைக்கு அடங்கவில்லை. கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்கு வரக்கூட உனக்குத் தெம்பில்லாமல் போனது. வயிற்று ஸ்கேனில் இடது சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரீனல் சுரப்பியில், எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று பார்க்க, நாம் இருவரும் சேர்ந்து ஓட்டிய அதே மெஷினில் நீ படுக்க வேண்டியதாயிற்று.

உனக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? மூச்சை ஒரு தரம் அடக்கினால் அதற்குள் இரண்டு படம். அந்த இடத்தில் வரும் சாதுவான கட்டிக்குள் பெரும்பாலும் கொழுப்பு இருக்கும். இருந்தால், முதல் படத்தில் வெளுப்பாய்த் தெரிந்தது இரண்டாவதில் கறுத்துப்போகும். யாருக்காவது அப்படிக் கறுக்கும்போது, “தப்பிச்சுட்டாங்க அம்மணி” என்று என் தோளில் தட்டுவாய். கறுக்காததெல்லாம் புற்று இல்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் வேண்டாத சாமி இல்லை.

கறுக்கவில்லை.

கறுத்துவிட்டதா என்று உள்ளேயிருந்து மைக்கில் கேட்டாய். பேசுகிற பட்டனை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீயே சொன்னாய்:

“மூச்ச உட்டுப்போட்டேன் அம்மணி. இன்னொருக்கா எடு.”

பொய். நீ மூச்சு விட்டிருந்தால் படம் கலங்கியிருக்கும். சிறுநீரகத்தின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் தெளிவாக இருந்தது. சரியாக மூச்சடக்காமல் இன்னொரு தரம் கேட்கிற நோயாளிகளை எப்படியெல்லாம் முணுமுணுப்பாய் நீ! எடுத்தேன். அதேதான் வந்தது. மறுபடியும் கேட்டாய். மறுபடியும் எடுத்தேன்.

எழுந்து வந்து என் பின்னால் நின்று பார்த்தாய். “படம் சுத்தமா வந்திருக்குது” என்றாய். என் வேலையைப் பாராட்டினாய், அடிப்பாவி. கதவைத் திறந்ததும் உன் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு எழுந்தார், எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரிடமும் நாம் சொல்வதையே அவரிடமும் சொன்னாய்: “டாக்டர் பார்த்துச் சொல்லுவாருங்க.” குரல்கூட மாறவில்லை.

ஆபரேஷன் செய்து எடுத்துச் சோதித்ததில் புற்று என்றே வந்தது. கொஞ்ச மாதங்களில் ஈரலுக்கும் பரவிவிட்டது. கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உப்பின முகம் வற்றிப்போய் யாரோ போலக் கிடந்தாய். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். உன்னை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள் சொல்.

போன வாரம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், அதே இடத்தில் கட்டி. மூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, இன்னொரு தரம் எடுங்கள் என்று கெஞ்சினார். படம் தெளிவாகத்தான் இருந்தது. எடுத்தேன். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் எடுக்கிறேன். வெளியே காத்திருப்பவர்கள் சத்தம் போடுகிறார்கள், மேனேஜரும் திட்டுகிறார். திட்டட்டும். அடுத்த படம் வரும்வரை, அந்த ஒரு மூச்சு நேரம், கட்டி இன்னும் நல்லதாக இருக்கலாம். உனக்கு என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.