மேசையை விட்டு எழுப்பாதவள்

வீல்லா லெங்கா
ஜூன் 3

அன்புள்ள தம்பி அன்செல்மோவுக்கு,

அக்கா எலீதா எழுதுவது. நான் நலம், இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீ போனை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பதால், கடற்கரைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் பெராமாஸிடம் இந்தக் கடிதத்தையும் கலாஃபாத்தே பழ ஜாம் இரண்டு பாட்டிலையும் கொடுத்து அனுப்புகிறேன். ஒரு பாட்டில்தான் வந்து சேர்ந்தது என்றால் எனக்குத் தெரியப்படுத்து. அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நம் தெற்கு மலைக்கு ஜூன் மாதம்தானே பனிக்காலம்; நேற்று முதல் பனி கொட்டியது. இனிப் பனிச்சறுக்க ஆட்கள் வருவார்கள் என்று கடைக்காரர்கள் எல்லோருக்கும் முகத்தில் களை வந்துவிட்டது. சாக்லேட் கடை ஃப்ரீதா ஜன்னலுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறாள். போன வருஷத்துச் சாக்லேட்டையே புதுத் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று நான் சந்தேகப்படுகிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. சர்ச் பக்கத்து பீர்க்கடையில் இப்போது ஏழு வகை பீராம். ஏழையும் குடித்துப் பார்த்தேன். ஒன்றுதான் பீர், மற்றதெல்லாம் விளம்பரம்.

இனி நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த சங்கதி. மலைமேல் இருந்த நம் சாப்பாட்டுக் கடையை விட்டுவிட்டேன். கோர்தோபாவிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி எடுத்திருக்கிறார்கள். வேலை செய்த நால்வரில் இருவரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், மற்ற இருவர் வேறு கடைகளுக்குப் போய்விட்டார்கள். எந்தக் கடைக்காக நீ வாயை மூடிக்கொண்டாயோ, அந்தக் கடையை நானே கைவிட்டேன். போன பனிக்காலம் முழுக்க அங்கே நின்று பார்த்தேன், முடியவில்லை. மாலை நாலரை ஆனாலே அடுப்போரம் போய் ஒண்டிக்கொள்வேன். தட்டு கழுவுகிறவள் கேட்டாள், "என்னம்மா, குளிருதா?" என்று. ஆமாம், குளிருகிறது என்றேன்.

இப்போது வேலை எங்கே என்று கேட்பாய். லிசாந்த்ரோவிடம். ஆமாம், அதே லிசாந்த்ரோ. பஸ் நிலையத்துக்கு எதிரே பழைய பனிச்சறுக்குச் சாமான் வாடகைக் கடை இருந்ததே, அதை எடுத்துச் சாப்பாட்டுக் கடையாக்குகிறான். வலது காலில் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். இனி யாருக்கும் சறுக்கக் கற்றுக்கொடுக்க முடியாது அல்லவா, அதனால் கடை. வீட்டுக்கே வந்து கேட்டான்: "எலீதா அக்கா, எனக்குக் காபி போடக்கூடத் தெரியாது. அடுப்ப நீங்க பாத்துக்கங்க, வாடிக்கையாளர்கள நான் பாத்துக்கறேன். இந்த ஊர்ல உங்க கையால சாப்பிட்டு யாரும் மோசம் போனதில்ல." நான் என்ன சொல்ல? சரி என்றேன். சரி என்று சொல்வது எனக்கு எப்போதும் சுலபம்.

ஊருக்குத் தெரிந்தது ஒன்று: பனியைச் சமப்படுத்தும் வண்டி செங்குத்தில் வழுக்காமல் இருக்க, அதன் இரும்பு வடத்தைச் சரிவின் உச்சியில் மாட்டிக் கிளம்புவதற்கு முன், மலைமேல் கடையில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்க வண்டி ஓட்டுகிற அன்செல்மோ மறந்துவிட்டான். சரிவுக்குக் குறுக்கே நின்ற வடத்தில் ஒருவனுடைய கால் போயிற்று. உனக்கும் எனக்கும் தெரிந்தது இன்னொன்று. நீ கேட்டாய். நான் பதில் சொன்னேன்.

இதை லிசாந்த்ரோவிடம் சொல்லிவிடலாமா தம்பி? நீ சரியென்று ஒரு வரி எழுதினால் போதும். மீன் ஆலையின் குளிர் அறையில் வேலை செய்யும்போது கையுறையைத் தண்ணீர் புகாமல் கட்டிக்கொள். ரொட்டியும் சூப்புமாக நாளை ஓட்டாதே.

உன்னை நினைக்காமல் ஒரு நாளும் அடுப்பு மூட்டாத
அக்கா எலீதா


வீல்லா லெங்கா
ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வந்தது. ரெண்டு பக்கத்துக்கு நான் எழுதினால் நீ நாலு வரி எழுதுகிறாய். அதிலும் ஒரு வரி ஜாமுக்கு நன்றி. மிச்சம் மூன்று வரியில், "சொல்லாதே அக்கா, ஆனது ஆகிப்போச்சு, எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல" என்று எழுதியிருக்கிறாய். குறை இல்லாதவன் ஏன் இரண்டு வருஷமாக ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை?

கடை திறந்தாயிற்று. பதினொரு மேசை. ஒன்பதாம் தேதி சுதந்திர தினத்துக்குச் சோளமும் பூசணியும் மாட்டுக்கறியும் போட்டு லோக்ரோ காய்ச்சினேன். வாசல்வரை வரிசை. பிரேசில்காரர்கள் பனியைப் பார்த்த சந்தோஷத்தில் மூன்றாம் தட்டு கேட்டார்கள். பீர்க்கடைக்காரனே வந்து சாப்பிட்டுவிட்டு, "எலீதா, நீ இங்க கீழ எறங்குனது எங்களுக்கெல்லாம் கெட்ட காலம்" என்று புகழ்ந்துவிட்டுப் போனான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சாமான் அறைக்குப் போய் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். லிசாந்த்ரோ நன்றாக நடத்துகிறான், அதுதான் தாங்கவில்லை. எனக்காக அடுப்படியில் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறான், முழங்கால் வலிக்குமாம். ஒரு கால் இல்லாதவன் என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறான்.

உன்னைப் பற்றி அவன் பேசுவதையும் எழுத வேண்டும். சம்பளம் கொடுத்த சனிக்கிழமை, ஒரே குடுவையில் ஆளுக்கு ஆள் மாற்றி மாத்தே இலைக் கசாயம் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க தம்பிதான், தெரியும். ஆனா அவன் என் கண்ணு முன்னாடி வந்தா, மூஞ்சில துப்பிட்டுத்தான் மறுவேலை. ஒரு வார்த்த கேக்க முடியலயா அவனுக்கு? வாக்கி-டாக்கிய அமுக்க எத்தன நேரமாகும்?" மாத்தேக் குடுவை சுற்றி வந்து என் கையில் இருந்தது. உறிஞ்சினேன். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் வாயில் குழாயை வைத்துக்கொண்டேன். உன்னை விட்டுக்கொடுத்துவிட்டுக் கசப்புத் தண்ணீர் குடித்தேன், அன்செல்மோ.

அன்றைக்கு நடந்ததை நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. நானாவது எழுதிவிடுகிறேன். நாலரைக்குக் கடையைக் காலி செய்ய வேண்டும். ஆறு பிரேசில்காரர்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த லிசாந்த்ரோ, ஏழு பேர். சாப்பிட்டு முடித்து, மேசையைச் சுற்றி நல்ல பேச்சு. மேசைப் பேச்சில் இருப்பவர்களை எழுப்புவது என் கைக்கு வராத வேலை, உனக்கே தெரியும். அவர்கள் கேட்காமலே கணக்குச் சீட்டைக் கொண்டுபோய் வைப்பதைவிட முகத்தில் அறைந்துவிடலாம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. எனக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது. கீழே இருக்கும் கடைகளில் விரட்டுவார்கள், எலீதா விரட்ட மாட்டாள் என்று பேர். ஐந்து மணிக்கு வாக்கி-டாக்கியில் நீ கூப்பிட்டாய்: "அக்கா, மேல யாராச்சும் இருக்காங்களா? வடத்த மாட்டப்போறேன்." நான் திரும்பி மேசையைப் பார்த்தேன். காபி பாதிதான் குடித்திருந்தார்கள். வடம் நேர்ச்சரிவில்தான், இவர்கள் எப்படியும் எளிய பாதையில்தான் இறங்குவார்கள், பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "எல்லாரும் எறங்கியாச்சு, நீ ஆரம்பி" என்றேன். ஆறு பேர் எளிய பாதையில்தான் போனார்கள். லிசாந்த்ரோ மட்டும் நேர்ச்சரிவில் சறுக்கி இறங்கினான்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நீ வாயத் தொறக்காத. உன் கடைய நம்பி நாலு பேரு இருக்காங்க. நான் ஒண்டிக்கட்ட, எங்க போனாலும் பொழச்சுக்குவேன்." நான் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். நீ உள்ளே போய், கேட்க மறந்துவிட்டேன் என்றாய். நானும் உள்ளே போய், அவர்களை நேரத்தோடு அனுப்பிவிட்டேன், வழியில் எங்கே நின்றார்களோ தெரியாது என்று சத்தியம் செய்தேன். பிரேசில்காரர்கள் அதற்குள் விமானம் ஏறியிருந்தார்கள். லிசாந்த்ரோவுக்கோ தலையில் அடிபட்டு அந்த நாளே நினைவில் இல்லை. என் பொய்யைப் பொய் என்று சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று.

எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடாதே, வைத்திரு. கம்பளிச் சட்டை ஒன்று அனுப்புகிறேன், உன் உடம்பு இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும், உடுத்திக்கொள்.

உன் முகத்தை நினைக்க வெட்கப்படும்
எலீதா


வீல்லா லெங்கா
ஆகஸ்ட் 29

அன்செல்மோவுக்கு,

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைசியாக ஒரு மேசை, பாரிலோசேயிலிருந்து வந்த ஒரு குடும்பம், எட்டுப் பேர். சாப்பிட்டு முடித்து ஒன்றரை மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. ஒரு மாமா கதை சொல்கிறார், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். லிசாந்த்ரோ காலையிலிருந்து நின்றபடி இருந்தான். பொய்க்கால் உரசி, மிச்சக் கால் வீங்கிவிட்டது என்று அவன் நடையிலேயே தெரிந்தது. பரிமாறுகிற நாதின், "நான் போயி கணக்குச் சீட்ட வச்சிடட்டா அண்ணே, நீங்க உக்காருங்க" என்றாள். அவன் அவளை ஒரு முறை முறைத்தான். "சாப்பிட்டவங்கள எழுப்பக் கூடாது, பொண்ணே. எலீதா அக்கா கடையில இத்தன வருஷம் சாப்பிட்டு நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றான்.

நான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் குடும்பத்திடம் போய், "ஐயா, கடை மூடணும், மன்னிச்சுக்குங்க, எழுந்திரிங்க" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அவர்கள் பாவம், திகைத்துப்போய்க் கோட்டுகளைத் தேடினார்கள். லிசாந்த்ரோவுக்குக் கோபம். "என்னக்கா, உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?" என்றான். அவனை உட்காரச் சொன்னேன். நாதினை வீட்டுக்கு அனுப்பினேன். அப்புறம் சொன்னேன். நீ கேட்டது, நான் சொன்ன பதில், பெஞ்சில் உட்கார்ந்து நாம் பேசிக்கொண்டது, எல்லாம். அழக்கூடாது என்று இருந்தேன். அழுதால் அவன் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவான், அது இன்னொரு பாவம்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். மேசை விரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தான். பிறகு கேட்டான்: "அன்னிக்கு நான் என்னக்கா சாப்பிட்டேன்?"

எனக்கு விளங்கவில்லை. அவன் சொன்னான், "எனக்கு அன்னிக்கு காலையில சாக்ஸ் மாட்டுனது வரைக்கும்தான் ஞாபகம். மீதிய யாரும் சொல்லல. நீங்க அங்கதானே இருந்தீங்க."

சொன்னேன். பருப்பும் காரச் சாசேஜும் போட்ட குழம்பு இரண்டு தட்டு, லிசாந்த்ரோ. தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றாய். அப்புறம் முட்டையும் பாலும் சேர்த்த ஃப்ளான் புட்டிங், மேலே சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பு வேண்டும் என்று அடம்பிடித்தாய். அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெரிய மனிதர் சறுக்கி வந்து மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றதை நடித்துக் காட்டினாய். அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிரேசில்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள், நீ பெஞ்சில் உட்கார்ந்தபடி பூட்ஸோடு தரையில் தாளம் போட்டாய். அங்கே நிறுத்திவிட்டேன். "ரெண்டு காலாலயுமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நல்லாப் போட்டேனா?" என்றான். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது என்றேன்.

அவன் அழுதான். நானும் அப்போது அழுதேன், தடுக்க முடியவில்லை. கடைசியில் எழுந்து நின்று, "ரெண்டு வருஷமா தப்பான ஆளத் திட்டிட்டேன்" என்றான். "நாளைக்கு வராதீங்க. மத்தது எனக்குத் தெரியல" என்றான். செவ்வாய்க்கிழமை என் ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாதினிடம் கொடுத்தனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

புதன்கிழமை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று அங்கிருந்த பெண் விளக்கினாள், சரியாகக் காதில் விழவில்லை. உன்மேல் எழுதிய குற்றத்தை எடுத்துவிடுவீர்களா என்பதை மட்டும் மூன்று தடவை கேட்டேன். மறுபடி விசாரிப்பார்கள், உன்னிடம் பறித்த வண்டி ஓட்டும் அனுமதி திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது என்றாள். என் வாக்குமூலத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. ஊருக்குள்ளும் செய்தி பரவிவிட்டது. ஃப்ரீதா என்னைப் பார்த்ததும் ஜன்னலைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். பீர்க்கடைக்காரன் தலையை மட்டும் அசைத்தான். ரொட்டி வாங்க அடுத்த ஊருக்குப் போகிறேன், நடை உடம்புக்கு நல்லதுதான்.

தம்பி, நீ இனி தலை நிமிர்ந்து வரலாம். வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று இல்லை. லிசாந்த்ரோ பஸ் நிலையத்துக்கு வந்து பெராமாஸிடம் உன் விலாசம் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அவன் எழுதினால் பதில் போடு. நாலு வரிக்கு மேல் போடு.

எனக்கு மட்டும் ஒன்று செய். "ஆனது ஆகிப்போச்சு அக்கா, ஒரு குறையும் இல்ல" என்று இன்னொரு தடவை எழுதிவிடாதே. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு வருஷம் சாப்பிட்டேன், தூங்கினேன். உன் வேலை போயிற்று, ஊர் போயிற்று, உன் பேரைச் சொல்லி ஒருவன் துப்புகிறேன் என்றபோது நான் மாத்தே குடித்தேன். இதற்கு ஒரு தங்கமான பதில் எனக்கு வேண்டாம். வாய்க்கு வந்தபடி எழுது. சின்ன வயதில் சண்டை வந்தால் எப்படிக் கத்துவாயோ, அப்படி என்னைத் திட்டி ஒரு கடிதம் போடு. நீ நூறு வயது நன்றாக இரு, ஆனால் முதலில் என்னைத் திட்டு.

தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்
உன் அக்கா எலீதா