மூன்றாம் தளத்துப் பக்கம் கேட்ட குரல்

ஏப்ரல் 6, ஞாயிறு

துணி காயவில்லை. கடலிலிருந்து ஈரக் காற்று. என் கண்ணாடிக் கடைக்கு விடுமுறை என்பதால் மதியம் புது அணியின் முதல் ஆட்டத்துக்குப் போனேன். மினோசாகிக்கென்று ஒரு பேஸ்பால் அணி வரும் என்று யார் நினைத்தார்கள்? இரண்டாம் நிலை லீக்தான். இருந்தாலும் நெஞ்சில் நம் ஊர்ப் பெயர். அணிக்குப் பெயர் உமினெக்கோ, துறைமுகத்தில் பூனை மாதிரிக் கத்துமே, அந்தப் பறவை.

நகராட்சியின் பழைய மைதானத்துக்கு வெள்ளையடித்து, புது ஒலிபெருக்கிகள் வைத்திருக்கிறார்கள். கூட்டம்தான் இல்லை. மூன்றாம் தளம், அதாவது ஓடுபவன் வீட்டுத்தளத்துக்கு வருமுன் கடைசியாக நிற்கிற இடம், அந்தப் பக்கத்து இருக்கைகளை முழுக்க நீல வலை போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் சத்தம் மட்டும் பெருங்கூட்டத்தின் சத்தம். எங்கேயோ பதிவு செய்த ஆரவாரத்தை ஒலிபெருக்கியில் விடுகிறார்களாம். அது ஆட்டத்தோடு ஒட்டவில்லை. அடித்த பந்து பிடிபட்டு, மட்டைக்காரன் தலை குனிந்து நடக்கத் தொடங்கிய பிறகு, வலைக்குள்ளிருந்து ஆயிரம் பேர் "ஓ" என்று எழுகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு குழந்தை ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பித் திரும்பி அந்த வெற்று இருக்கைகளையே பார்த்தது.

உற்சாகக் குழுவின் தலைவர் டயர் கடை ஒகாபே. முரசைக் கட்டிக்கொண்டு நடந்தார். "என்னம்மா தோமோயே, ஆட்டம் பாக்க வந்தியா, பேய் பாக்க வந்தியா? வாயத் தொறந்து கத்து! இல்லன்னா வலைக்குள்ள இருக்கறவங்க நம்மள ஜெயிச்சிடுவாங்க!"

சிரித்தேன். ஒரு தட்டு யாகிசோபா நூடுல்ஸ் வாங்கினேன். அதைக் கையில் வைத்திருந்தபோதுதான் கேட்டது.

நம் அணி ஆள் ஒருவன் மூன்றாம் தளத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆரவாரத்துக்கு மேலே, வலைப் பக்கமிருந்து ஒற்றைக் குரல்:

"வீட்டுக்கு வாடா! சோறு ஆறுது!"

யாகிசோபா அப்படியே இருக்கிறது. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 7

அண்ணன் குரல் அது. இல்லை. எப்படி இருக்க முடியும்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மறுபடியும் போனேன். மறுபடியும் கேட்டேன். ஐந்தாம் சுற்றில் ஒரு தடவை, எட்டாம் சுற்றில் ஒரு தடவை. "வா" என்கிற இடத்தில் குரல் உடைந்து மேலே போகிறது, மீசை முளைக்கும் பையனுக்கு உடைகிற மாதிரி. ஐம்பது வயதிலும் யசுஹிகோ அண்ணனுக்கு அது மாறவில்லை.

அந்த வாசகமே எங்கள் வீட்டுடையது. விளக்கு வைத்தும் விளையாடிக்கொண்டிருக்கும் அண்ணனை அம்மா இப்படித்தான் கூப்பிடுவாள். பள்ளி அணியில் சேர்ந்ததும் அண்ணன் அதையே கிண்டலாக்கி, மூன்றாம் தளத்தில் நிற்பவர்களைப் பார்த்துக் கத்துவான். வீட்டுத்தளத்துக்கு ஓடி வந்தால்தானே ஓட்டம்! ஊரே சிரிக்கும்.

பதினோரு வருடம் முன்பு, ஒரு பிப்ரவரி காலையில், அண்ணனின் வண்டி படகுத்துறையில் நின்றது. சாவி உள்ளேயே இருந்தது. கடலில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதோடு சரி.

இந்த மார்ச்சில்தான் மிசாவோ அண்ணி குடும்ப நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். காணாமல் போனவர் இறந்துவிட்டதாக அறிவிக்கும் மனு. விவாகரத்து வாங்கியிருக்கலாம், எப்போதோ கிடைத்திருக்கும். கேட்டேன். "விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டின்னு பேர் வேணாம் எனக்கு. விதவைன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு" என்றார். நான்தான் துணைக்குப் போனேன். சாட்சிக் கையெழுத்தும் நான்தான்.

நீதிமன்றப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்: இவர் உயிரோடிருப்பதை அறிந்தவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் தெரிவிக்கவும்.

அறிந்தவர்கள். நான் எதை அறிந்தேன்? ஒலிபெருக்கியில் ஒரு சத்தம்.

மே 11

இப்போது பிள்ளைகளும் அதைக் கத்துகிறார்கள். குரல் வந்தவுடன் பின்னாலேயே கூவுகிறார்கள்: சோறு ஆறுது! ஒகாபே அதற்கென்று முரசில் ஒரு தாளம் கண்டுபிடித்துவிட்டார். டும் டும், டடடா.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்ததும் நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இன்று ஆறாம் சுற்றில் கடலிலிருந்து பனிமூட்டம் இறங்கியது. மழைக்காலத்தில் வருவதுதான், ஆனால் இவ்வளவு வேகமாக நான் பார்த்ததில்லை. முதலில் வலை மறைந்தது. பிறகு வெளிக்களத்தில் நின்ற மூன்று பேர். பிறகு பந்து வீசுபவன். நடுவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார் என்று நினைக்கிறேன், கையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பட்டப்பகல். எல்லாம் பால் மாதிரி வெள்ளை.

மாடியில் ஒலியைப் பார்த்துக்கொள்பவருக்கும் களம் தெரியவில்லை போல. நிறுத்த மறந்து அப்படியே விட்டுவிட்டார். களத்தில் யாருமே இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் கை தட்டுகிறார்கள், எதையோ பார்த்து எழுந்து நிற்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். எங்களுக்குத் தெரியாத ஓர் ஆட்டம் அந்த வெள்ளைக்குள் நடப்பது மாதிரி. பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

அப்போது குரல் வந்தது.

"வீட்டுக்கு வாடா! சோறு ஆறுது!"

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூட்டத்துக்குள் எங்கோ ஒருவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் முதல் தளத்துப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். தொழுகை மாதிரி, மெல்ல, ஒருவர் பின் ஒருவராக. வீட்டுக்கு வாடா. வீட்டுக்கு வாடா. நானும் சொன்னேன். என் வாய் தானாகச் சொன்னது. கைப்பேசியில் பதிவும் செய்திருக்கிறேன், எப்போது பொத்தானை அழுத்தினேன் என்றே தெரியவில்லை.

மூட்டம் விலகியபோது எல்லார் முகமும் நனைந்திருந்தது. ஈரக் காற்றுதான். ஒகாபே முரசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கு இதுக்கு மேல அடிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா" என்றார்.

ஜூன் 17

ஒலி அறைக்கே போய்விட்டேன். பையில் ஒரு பெட்டி இனிப்பு, வெறும் கையோடு எப்படிப் போவது? பார்த்துக்கொள்பவர் நகாயா என்று நாற்பது வயதுக்காரர், வடக்கிலிருந்து வந்தவர்.

"அந்தச் சத்தமா? நானே பதிவு செஞ்சதுங்க. முன்னாடி ஷிராகுமோ ஊர் மைதானத்துல வேல பாத்தேன். நாலு வருஷம் இருக்கும். இங்க ஆளே வரமாட்டேங்கறாங்க, டிவில பாக்க அசிங்கமா இருக்குன்னு மேலிடத்துல சொன்னாங்க. சரின்னு அத எடுத்துப் போட்டேன்."

"சோறு ஆறுதுன்னு ஒருத்தர்…"

"அவரா!" நகாயாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சோத்துக்காரர்னு கூப்பிடுவோம். ஒரு ஆட்டம் விடமாட்டாரு. இடது பக்கம் மேல் வரிசை. பேரு தெரியாது. ஏங்க, தெரிஞ்சவரா?"

தெரிஞ்சவரா? நாலு வருஷம் முன்னாடி! வண்டிய விட்டுட்டுப் போய் ஏழு வருஷம் கழிச்சு இவன் அங்க உக்காந்து கத்திக்கிட்டு இருந்திருக்கான். நாங்க இங்க கடல்ல பூ விட்டுக்கிட்டு இருந்தோம். அம்மா அவனுக்குத் தெனம் ஒரு கிண்ணம் சோறு எடுத்து வெச்சா, சாகறவரைக்கும்.

"தெரிஞ்சவர் மாதிரி இருக்கு" என்றேன்.

ஜூன் 18

அண்ணி தொலைபேசியில் அழைத்தார். கல்லறைக்குக் கல் பார்க்கப் போகலாமா என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு. ஷிராகுமோ விடுதியில்

பார்த்துவிட்டேன்.

இடது பக்கம், மேல் வரிசை. பின்னாலிருந்து காதைப் பார்த்தேன். அப்பாவின் காது. தலை முழுக்க நரை. கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் எல்லாரும் கத்துகிறார்கள், அவன் வாய் மூடியே இருந்தது.

"அண்ணா."

தட்டுவது நின்றது. திரும்ப வெகுநேரம் ஆனது.

குரல் இல்லை. தொண்டையில் கட்டி, எடுத்துவிட்டார்களாம். துணிக்கு அடியில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாக வருகிறது, உஸ் உஸ் என்று. குழந்தைகள் கிறுக்கி அழிக்கும் பலகை ஒன்றை மடியில் வைத்திருந்தான். அதில் எழுதிக் காட்டினான்.

ஏன் என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"தெரியவில்லை. திரும்ப வேண்டிய நேரத்தில் கால் திரும்பவில்லை. மறுநாள் வெட்கமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் அதிகம்."

அழித்தான். சர்ர்ர்.

"நீ செத்துட்டன்னு அறிவிக்கப் போறாங்க. செப்டம்பர் முடிஞ்சதும். அண்ணிதான் மனு போட்டிருக்காங்க" என்றேன். அடிப்பது மாதிரிதான் சொன்னேன். அவன் உட்கார்ந்தபடியே எனக்குத் தலை தாழ்த்தி வணங்கினான். பிறகு எழுதினான்: "நல்லது. அப்படியே இருக்கட்டும்."

கோபத்தில் கைப்பேசியை எடுத்து, மூட்டத்தன்று பதிவானதை அவன் காதில் வைத்தேன். முதலில் அந்தக் குரல். பிறகு ஒவ்வொருவராக ஊர்க்காரர்கள். கடைசி வரை கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, இரண்டாவது முறையும் கேட்டான். அப்புறம், முதலில் வந்த குரலுக்கே திரும்ப ஓடவிட்டு, பலகையில் இரண்டு சொல் எழுதினான்.

"யார் இது?"

ஜூலை 15

மினோசாகி. கடை திறந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 29

யாரிடமும் சொல்லவில்லை. அவனே சாகச் சம்மதித்துவிட்டான். அண்ணிக்கு விதவை மரியாதை கிடைக்கும். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாருக்கும் நல்லது. அப்படியென்றால் ஏன் சோறு இறங்கமாட்டேன் என்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மைதானம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அணி இரண்டாம் இடத்தில் இருக்கிறது. வலையைக் கழற்றிவிட்டார்கள். பீர் விற்கும் பெண்கள் முதுகில் பீப்பாயோடு படியேறி இறங்குகிறார்கள். கூட்டமே இல்லாத ஊரில் இவ்வளவு பேர் இத்தனை நாளும் எங்கே இருந்தார்கள்?

இடம் கிடைக்காமல் முதல் தளத்துப் பக்கம் போனேன். கடைசி வரிசையில் வைக்கோல் தொப்பி போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது மிசாவோ அண்ணி.

"அண்ணி! எத்தன நாளா வர்றீங்க?"

"மொத ஆட்டத்துல இருந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ சொன்னியா?" கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சேன்டி. தண்ணிக்குள்ள இருந்து கூப்பிடறாரு, மனு போட்டது பிடிக்கலன்னு. அப்புறம் ஊரே கத்த ஆரம்பிச்சிடுச்சு. என் பைத்தியம் ஊருக்கும் ஒட்டிக்கிச்சோன்னு பயந்துட்டேன். அன்னிக்கு மூட்டத்துல பதில் சொன்னது நான்தான். வந்துடறேன், கொஞ்சம் பொறுங்கன்னும் சொன்னேன். அது யாருக்கும் கேட்டிருக்காது."

வந்துடறேன். எங்கே? கடலுக்கா? இதற்கு மேல் எப்படி மூடி வைப்பது?

அப்போது நம் ஆள் மூன்றாம் தளத்துக்கு வந்தான். குரல் வந்தது. தெளிவாக, அந்த உடைசலோடு. அண்ணியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. ஊரே எழுந்து கூவியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னேன்.

"அது செத்தவங்க குரல் இல்ல அண்ணி. அண்ணன் உயிரோட இருக்கான். நான் பாத்தேன்."

ஓட்டம் வந்துவிட்டது போல. எங்களைச் சுற்றி எல்லாரும் துண்டைச் சுழற்றினார்கள். அண்ணி என் மணிக்கட்டை விட்டுவிட்டுக் களத்தைப் பார்த்தார்.

"குரல் அப்படியேதான் இருக்கா?"

"குரல் இல்ல அண்ணி. எடுத்துட்டாங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 19

அண்ணி வடக்கே போயிருக்கிறார். தனியாக. "நீ வராத" என்றார்.

ஆகஸ்ட் 23

திரும்பிவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, தக்காளி நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"நான்தான் பேசினேன். மத்தியானத்துல இருந்து இருட்டற வரைக்கும் பேசினேன். மொத மொறையா நடுவுல குறுக்கிடாம கேட்டாரு." கத்தி நின்றது. "பலகையில என்னமோ எழுத வந்தாரு. பலகைய வாங்கி என் பக்கத்துல வெச்சுக்கிட்டேன்."

திங்கட்கிழமை மனுவைத் திரும்பப் பெறுகிறாராம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நகாயாவைப் பார்த்தேன். அந்த ஒலியை இனிமேல் போட வேண்டாம் என்று கேட்கத்தான் போனேன்.

"எதுங்க? அத ஜூலைலயே எடுத்தாச்சே. கூட்டம் வர ஆரம்பிச்சதும் பதிவு எதுக்குன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"ஆகஸ்ட்டுல நான் கேட்டேனே. அண்ணியும் கேட்டாங்க."

"ஊரே கத்துதுங்க. எவனாவது அதே மாதிரி கத்தியிருப்பான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே வேறு பேச்சுப் பேசினார்.

இருக்கலாம். எவனாவது.

அதற்குப் பிறகு ஆட்டம் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் மூன்றாம் தளத்துக்கு ஆள் வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 2

மிசாவோ அண்ணி வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் புதுப் பெயர்ப்பலகை. கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயர், ஹட்டோரி. வடக்கிலிருந்து விவாகரத்துத் தாள் அண்ணனின் முத்திரையோடு வந்து சேர்ந்ததாம். நகராட்சியில் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்களாம்.

பேரிக்காய் நறுக்கிக் கொடுத்தார். முடியைக் கழுத்து வரை வெட்டியிருந்தார். கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"அப்ப வரேன் அண்ணி."

"இனிமே அண்ணின்னு கூப்பிடாத. நான் யாருக்கும் அண்ணி இல்ல. பேரச் சொல்லு."

இருபத்தெட்டு வருடமாக ஒரு தடவைகூட நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"மிசாவோ" என்றேன்.

"என்ன?" என்றார், சிரித்துக்கொண்டே.