இரட்டைக் கொம்பு மண்டையோடு

நவம்பர் 12, புதன்

மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவி மும்தாஜுக்குத் தான் சிற்பம் செய்துவந்த பூந்தமல்லிப் பட்டறையே நினைவில்லை. பழகிய பொருளைக் காட்டிப் பாருங்கள் என்றார் டாக்டர். மூக்கின் மேல் இரட்டைக் கொம்பு கொண்ட, என்றோ அழிந்துபோன குளம்பு விலங்கு ஒன்றின் மண்டையோட்டை, மியூசியத்துக்காக அவள்தான் களிமண்ணில் வடித்திருந்தாள். அதன் ஃபைபர் வார்ப்பை இன்று அவள் மடியில் வைத்தேன்.

கொம்பைத் தடவினாள். ஞாபகம் வந்துவிட்டதோ என்று அருகில் குனிந்தேன்.

“இன்னாங்க இது, மாட்டுத் தலையா?”

“மாடு இல்ல மும்தாஜ். அந்தக் காலத்து மிருகம்.”

“பல்லெல்லாம் சோக்கா கீது. யார் செஞ்சது?”

“நீதான்.”

இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பொய் சொல்றீங்க” என்று அழுதாள். கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போதும் வெளியே எடுக்கவில்லை. நான்தான் ஊட்டினேன்.